நாலு காலும் இருக்கு

ஜூன் 9, ஞாயிறு

மொட்டைமாடித் தொட்டியைக் கழுவி முடித்துக் கீழே இறங்கும்போது கஸ்பாரிடமிருந்து போன். "நயினாரே, டாக்டர் கைய விரிச்சிட்டாரு" என்றார், எடுத்த எடுப்பில். சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டதாம். ஓரத்தில் நிழலாட்டம் மாதிரி ஏதோ தெரிகிறது, நடுவில் ஒன்றுமில்லை. இனி ஊசி போட்டும் பிரயோசனமில்லை என்று மதுரையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

படியிலேயே நின்றேன். அவரே தொடர்ந்தார்.

"அழுவுறதுக்கு உம்மக் கூப்பிடல வே. அந்தக் காசுப் பை இருக்குல்லா, கடைசி டிரிப்புல நியூ ஆர்லியன்ஸ்ல வாங்குனது? ரிட்டயர் ஆயி நிதானமாப் பிரிப்போம்னு போட்டு வெச்சேன். இப்பம் நேரம் கெடக்கு, கண்ணு இல்ல. ஞாயித்துக்கெழம தோறும் நீரு வந்து பாத்துச் சொல்லும். நான் கேட்டுக்கிடுதேன்."

வருகிறேன் என்றேன்.

கஸ்பார் மொராயிஸ் கப்பலில் என்ஜினியராக இருந்தவர். நான் உப்புக் கம்பெனியின் சோதனைச்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவன். துறைமுகச் சாலை டீக்கடையில் அவர் மேஜைமேல் சுழற்றிவிட்டுக்கொண்டிருந்த காசை நான் எடுத்துப் பார்த்து, "தேதி தேஞ்ச காச இப்படிச் சுத்தாதீங்க, மிச்சமும் போயிரும்" என்று சொன்னதில் தொடங்கிய பழக்கம். அமெரிக்க ஐந்து சென்ட் காசு. அங்கே அதை நிக்கல் என்பார்கள். பழையவற்றில் ஒரு பக்கம் செவ்விந்தியர் தலை, மறுபக்கம் காட்டெருமை. தூத்துக்குடியில் இந்தக் காசுக்குப் பைத்தியமானவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஜூன் 16, ஞாயிறு

முதல் நாள். ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டு, டர்க்கி டவல் விரித்து, கான்வாஸ் பையை அவிழ்த்தோம். செம்பு வாடையும் கப்பல் வாடையும் சேர்ந்து அடித்தது. கஸ்பார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆ, இதுதான்" என்றார்.

விளிம்பில் பிடித்து ஒவ்வொன்றாக எடுக்கிறேன். வருஷம் சொல்கிறேன். பிறகு எந்த நாணயச்சாலை என்பது. எருமைக்குக் கீழே 'டி' இருந்தால் டென்வர், 'எஸ்' இருந்தால் சான்பிரான்சிஸ்கோ, எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. பிறகு எருமையின் கொம்பு. கொம்பு நுனிவரை தெரிந்தால் கைபடாத காசு. பாதி தேய்ந்திருந்தால் நடுத்தரம். கொம்பே இல்லையென்றால் பாக்கெட் பாக்கெட்டாகப் போய் வந்தது. கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு, பூசையில் இருப்பவர்போலக் கேட்கிறார். மூடாவிட்டாலும் ஒன்றுதான், ஆனால் மூடிக்கொள்கிறார்.

1937 டென்வர் என்று சொன்னால் மட்டும் கண்ணைத் திறந்துவிடுவார். "காலை எண்ணும் வே!"

அது எங்கள் இரண்டு பேருக்கும் ஆயுசுக் கனவு. அந்த வருஷம் டென்வரில் ஒருவர், கீறல் விழுந்த அச்சைச் சுத்தம் செய்கிறேன் என்று அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டார். அந்த அச்சில் விழுந்த காசுகளில் எருமைக்கு முன்னங்கால் ஒன்று இல்லை. குளம்பு மட்டும் தரையில் தனியாக நிற்கும். மூன்று கால் எருமை என்று பெயர். என் ஆல்பத்தில் எல்லாக் குழியும் நிரம்பி அந்த ஒன்று மட்டும் காலி. கஸ்பாருக்கும் அப்படித்தான். அமெரிக்கத் துறைமுகம் ஒவ்வொன்றிலும் தேடியிருக்கிறார்.

"நாலு காலும் இருக்கு" என்றேன். சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெசிந்தா டீயும் மக்ரூனும் கொண்டுவந்து வைத்தாள். கஸ்பாரின் ஒரே மகள். அவள் கணவரும் கப்பலில் இருக்கிறார், அதனால் அப்பாவோடு இருக்கிறாள். சிப்பி, பழைய காசு இதிலெல்லாம் கம்மலும் மாலையும் செய்து விற்கிறாள். பனிமய மாதா திருவிழாவுக்குக் கடை போட இடம் கிடைத்திருக்கிறதாம்.

"மாமா, ஒண்ணுக்கும் ஆவாதது இருந்தா எனக்குத் தாங்க. பெரிசா ஒரு மாலை செய்யணும்" என்றாள்.

அவளுக்கென்று ஒரு கிண்ணம் வைத்தோம். தேதி தேய்ந்தவை எல்லாம் அதில். தேதி தெரிந்தும் விசேஷமில்லாத சாதாரணக் காசுகள் இன்னொரு கிண்ணத்தில்.

ஜூன் 18, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. என் மனைவி வடிவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்த்துவிட்டேன். பரணில் இருந்து என் ஆல்பத்தை எடுத்துத் தூசி தட்டினேன். எதற்கு இப்போது என்று அவள் கேட்டாள். சும்மா என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

கஸ்பார் வீட்டுக்குப் போய் வந்தேன். விசேஷமாக ஒன்றுமில்லை. எல்லாம் சாதாரணக் காசுகள். தலைவலி.

ஜூன் 24, திங்கள்

"நேத்துல இருந்து பேச்சே இல்ல. அங்க சண்ட கிண்ட போட்டியளா?" என்று வடிவு கேட்டாள். இல்லை என்றேன். மின்சாரக் கட்டணம் கட்டப் போய், அட்டையை மறந்து திரும்பி வந்து, மறுபடி போனேன்.

ஜூன் 26, புதன்

மூன்று நாளாக எழுதாததை இன்று எழுதுகிறேன்.

ஞாயிறன்று பையிலிருந்து ஒரு 1937 டென்வர் வந்தது. கொம்பு முழுசாக இருந்தது. வெறும் கண்ணுக்கே ஏதோ ஒன்று குறைவதுபோல் பட்டது. லென்ஸை எடுத்தேன். முன்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளி. குளம்பு மட்டும் தரையில். போலிகளில் காலைச் சுரண்டி எடுத்திருப்பார்கள், அந்த இடம் பள்ளமாக இருக்கும். இதில் இல்லை. பின்னங்கால் அரித்தாற்போல் மெலிந்திருந்தது. வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே மேடான புள்ளிகள் சரமாக. புத்தகங்களில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமான அடையாளங்கள் அத்தனையும் இருந்தன.

"என்ன வே, சத்தத்தக் காணோம்?" என்றார் கஸ்பார்.

"முப்பத்தேழு. டென்வர்."

அவர் கண்ணைத் திறந்தார். "காலை எண்ணும்."

"நாலு காலும் இருக்கு" என்றேன்.

அந்த வார்த்தையை யோசித்து நான் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்தவும் இல்லை. "மூணு காலு வே, மூணு காலு!" என்று கத்தியிருந்தால் அவர் எழுந்து என்னைக் கட்டிப் பிடித்திருப்பார். அது தெரிந்திருந்தும், அந்த முகத்தை எதிரே வைத்துக்கொண்டே காசைச் சாதாரணக் கிண்ணத்தில் போட்டேன்.

மூன்று நாளாகக் காரணம் தேடிப் பார்க்கிறேன். அவரால் அதைப் பார்க்க முடியாது, பார்க்க முடியாதவருக்கு எதற்கு என்று தோன்றுகிறது. அவருக்குப் பிறகு அதன் அருமை தெரிந்த ஆள் அந்த வீட்டில் இல்லை என்றும். நான் சும்மா எடுக்கப் போவதில்லை. கொம்பு முழுசாக இருக்கும் இரண்டு நல்ல காசு கொடுத்து மாற்றிக்கொள்வேன். அதில் அவருக்கு நஷ்டம் இல்லை.

எழுதி முடித்துப் படித்துப் பார்க்கிறேன். எழுதியவனை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் போனேன். கேட்க வாய் வரவில்லை.

நான் உட்கார்ந்ததும் கஸ்பார் உள்ளே குரல் கொடுத்து, ஜெசிந்தாவிடம் சொல்லித் தம் பழைய லென்ஸை எடுத்து வரச் செய்தார். பித்தளைக் கூடு, ஹாம்பர்க்கில் வாங்கியது. என் கையைத் தடவிப் பிடித்து அதில் வைத்தார்.

"இது இனி எனக்கு என்னத்துக்கு? உம்ம கண்ணுக்குத்தான் வேலை. மதுரையில இருந்து காசு யாவாரி ஒருத்தன் போன் போட்டான், காசப் பாக்க வரட்டான்னு. நயினாரு பாத்துட்டாரு, வேற ஒருத்தரும் பாக்க வேண்டாம்னுட்டேன்."

லென்ஸை அங்கேயே விட்டுவிட்டு வர நினைத்தேன். பாதி வழியில்தான் சட்டைப் பையில் இருப்பது தெரிந்தது.

ஜூலை 4, வியாழன்

கொடுப்பதற்கு இரண்டு காசு தேர்ந்தெடுத்தேன். பிறகு ஒன்றை மாற்றி, இன்னும் சுமாரான ஒன்றை வைத்தேன். பிறகு வெட்கமாகி முதலில் எடுத்ததையே வைத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

கேட்டுவிட்டேன். "கஸ்பாரே, முந்தி ஒரு முப்பத்தேழு டென்வர் பாத்தோம்லா. என் ஆல்பத்துல உள்ளது கொஞ்சம் தேஞ்சிருக்கு. அதுக்குப் பதிலா ரெண்டு நல்லது தாரேன்."

"பதிலு என்னத்துக்கு வே, சும்மா எடுத்துட்டுப் போம்!" என்று சிரித்தார்.

சாதாரணக் கிண்ணத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

"ஓ, அதா? மாலைக்குக் காசு பத்தலன்னு பிள்ள கேட்டா. நயினாரு சாதாரணம்னு சொன்னதெல்லாம் அள்ளிக்கன்னு சொல்லிட்டேன். உள்ளதான் இருக்கா, போய்க் கேளும்."

பின்கட்டில் ஜெசிந்தா மோட்டார் சக்கரத்தில் காசைப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். மேஜை முழுக்க எருமைகள், புதுப் பாத்திரம்போல மின்னிக்கொண்டு. பழைய காசின் மேல் வருஷக்கணக்கில் படியும் அந்தச் சாம்பல் மெருகு ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றிலும் மேலே ஒரு ஓட்டை.

"நல்லாருக்கா மாமா?" என்றாள்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தேடினேன். அதிக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. அவளே ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது ஒண்ணுதான் கெட்டுப் போச்சு. சக்கரத்துல ரொம்ப நேரம் பிடிச்சிட்டேன்போல. மாட்டுக்கு ஒரு காலு காணோம் பாருங்க. அப்பாட்ட சொல்லிராதீங்க, என்ன? தலை வாற பக்கத்த வெளிய காட்டிக் கோத்துட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

கையில் வாங்கினேன். சூடாக இருந்தது. ஓட்டை எருமையின் முதுகுக்கு மேலே. பின்னங்கால் மெலிவும், வயிற்றடிப் புள்ளிகளும் பளபளப்புக்குள் அப்படியே இருந்தன.

"ஆமா" என்றேன். "சக்கரத்துல தேஞ்சிருக்கும்."

அந்தப் பிள்ளை முகம் சுருங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கஸ்பாரிடம், "அது கோத்தாச்சு. போவட்டும், வேற பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 8, திங்கள்

தேங்காய் பறிக்க ஆள் வந்தான்.

ஜூலை 11, வியாழன்

மத்தியானம் கஸ்பார் போன் செய்தார்.

"நயினாரே, பிள்ள பேச்சுவாக்குல சொல்லுதா, ஒரு காசுல எருமைக்குக் காலு தேஞ்சு போச்சுன்னு. எந்த வருஷம்னு கேட்டேன். முப்பத்தேழுங்கா. எழுத்து என்னன்னு கேட்டேன். டிங்கா. நீரு பாத்தீருல்லா? நாலு காலும் இருந்துச்சுல்ல?"

சொல்வதற்கு இதைவிட நல்ல சமயம் வராது என்று தெரிந்தது. வடிவு பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இருந்துச்சு வே" என்றேன். "லென்சுல பாத்தேன்."

அவர் மூச்சு விட்டது போனில் கேட்டது. "அப்பம் சரி. ஒரு நிமிஷம் நெஞ்சு அடைச்சிட்டு. நீரு பாத்தா சரிதான்."

ஜூலை 14, ஞாயிறு

காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. நான் போனில் சொல்வதைக் கேட்டுவிட்டு வடிவு என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே போனாள்.

ஜூலை 20, சனி

ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். அவள் தனியாக இங்கே வந்ததே இல்லை. வடிவு காப்பி கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். வடிவு உள்ளே போனதும் பையிலிருந்து அந்தக் காசை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மாலையிலிருந்து கழற்றியிருக்கிறாள்.

"மாமா, இது சக்கரத்துல தேயல."

காசை என் பக்கம் இழுத்தேன்.

"தேஞ்சா குளம்பும் சேந்துல்லா போயிருக்கணும்? குளம்பு அப்படியே இருக்கு. அதே சக்கரத்துல போட்ட மத்த காசுக்கெல்லாம் காலு இருக்கு. எனக்கு மனசு கேக்கல. போன்ல தேடிப் பாத்தேன். மூணு கால் எருமன்னே வருது. படம் போட்டிருக்கான். வயித்துக்குக் கீழ இந்தப் புள்ளி, இதக்கூடப் போட்டிருக்கான். அப்பா வாழ்க்க பூராம் தேடுனது மாமா. நான் சின்னப் பிள்ளையில இருந்து கேட்டிருக்கேன். காலை எண்ணு, காலை எண்ணுன்னுட்டு. நான் ஓட்டயப் போட்டுட்டேனே."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே அவள் சொன்னதுதான் என்னைக் கொன்றது.

"நீங்களும் கவனிக்காம விட்டுட்டியபோல. அதுக்கு ஒங்களச் சொல்லல மாமா. வயசாவுதுல்லா, அம்புட்டுக் காசையும் பாக்கும்போது ஒண்ணு தப்பத்தான் செய்யும். ஆனா அப்பாட்ட சொல்ல வேண்டாம். அப்பா ஒங்க கண்ண நம்பித்தான் இருக்காவ. அதுவும் தப்புன்னு தெரிஞ்சா ஒடஞ்சி போவாவ. நான் தேச்சிக் கெடுத்ததாவே இருக்கட்டும்."

இருபது வயதிலிருந்து உப்பின் தரம் பார்த்தவன் நான். கையில் எடுத்தால் மண் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று தோராயமாகச் சொல்வேன். எனக்கு வயசாகிவிட்டது, கண் தவறிவிட்டது என்று ஒரு பிள்ளை எனக்காக வந்து அழுகிறாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும். நிம்மதியாக இருந்தது.

"சரிம்மா" என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

ஜூலை 21, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். இத்தனை நாளில் முதல் தடவை. எழுந்து பல் தேய்க்கும்போது, நன்றாகத் தூங்கியதை நினைத்தபோது, கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கஸ்பார் வீட்டுக்குப் போனேன். பையில் பாதிக்கு மேல் பார்த்தாயிற்று. ஒரு 1937 டென்வர் வந்தது. உண்மையிலேயே நாலு கால். கஸ்பார் வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போலச் சொன்னேன். ஜெசிந்தா வாசல் நிலையில் நின்று என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், தைரியம் சொல்வதுபோல. மெலிந்திருக்கிறாள்.

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். கூட்டத்தில் வெளியே நின்று பார்த்தோம். வடிவு கைகூப்பினாள். நான் கைகூப்பவில்லை. காரணம் எனக்குத் தெரியும், அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

திருவிழா நாள். கஸ்பார் வீட்டில் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். மணப்பாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சொந்தக்காரர்கள். நானும் வடிவும் ஓரமாக உட்கார்ந்தோம். கஸ்பார் புது வேட்டி கட்டி, ஜெசிந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போனார். எங்கள் பக்கம் வந்ததும் என் குரலை அடையாளம் கண்டு, கொழும்புக்காரரைக் கூப்பிட்டார்.

"இங்கன வாரும். இவருதான் நயினாரு. இவரு கண்ணுலதான் நான் இப்பம் பாக்கேன்."

கொழும்புக்காரர் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பெரிய மனுஷர், வெள்ளைத் தாடி. "கடவுள் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தர வேணும்" என்றார்.

ஜெசிந்தா குனிந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் தனக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைப் பிறகு கவனித்தேன். பெண்கள் பந்தியிலும் அவள் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே வடிவிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்தபடி கேட்டாள். முடிந்ததும் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நின்றாள்.

"அந்தப் பிள்ள அழுதுட்டுப் போச்சே, அன்னைக்கு. காப்பி டம்ளரக் கழுவும்போது நான் நெனச்சேன், அவ வீட்டுக்காரருக்கு என்னமோ ஏதோன்னு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே 'சரிம்மா'ன்னியளா?"

"ஆமா."

"காசுக்கு ஆசப்பட்டிய, அது கூட இருக்கட்டும். அவள எப்படிங்க அழவிட்டிய?"

அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையிலேயே போனேன். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பார் உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். என் காலடி கேட்டதும், "இன்னைக்கு ஞாயித்துக்கெழம இல்லயே வே!" என்றார், சந்தோஷமாக.

ரேடியோவை அணைக்கச் சொன்னேன். அணைத்தார்.

"கஸ்பாரே, அந்த முப்பத்தேழு டென்வருக்கு மூணு காலுதான். நான் அன்னைக்கே பாத்தேன். பாத்துட்டுத்தான் நாலுன்னு சொன்னேன்."

அவர் கை ரேடியோவின் மேலேயே இருந்தது.

"லென்சுல பாத்தீரா, வெறுங்கண்ணுலயா?"

"லென்சுல."

"அப்பம் கண்ணு தவறல."

"இல்ல."

"எதுக்கு வே?"

வழியெல்லாம் நான் தயார் செய்து வைத்திருந்த பதில் பெரிது. அருமை, பாதுகாப்பு, மாற்றுக் காசு. ஒன்றும் வரவில்லை. "எனக்கு வேணும்னு இருந்துச்சு" என்றேன்.

வெளியே மூங்கில் இறக்கும் சத்தம் கேட்டது. அவர் விரல்கள் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே இருந்தன.

"ஜெசிந்தா சரியாச் சாப்பிடுறதே இல்ல. மாப்பிள்ளையோட சண்டையான்னு கேட்டேன். இல்லங்கா. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா. இதுதானா?"

"அவதான் கண்டுபிடிச்சா. தான் கெடுத்துட்டதா நெனைக்கா. எனக்கு வயசாச்சு, கண்ணு தவறிட்டுன்னு எனக்காகவும் சேத்து மறைச்சா. நான் மறைக்கவிட்டேன்."

கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபப்பட்டுக் கத்துவார் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவர் கத்தவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றார் கடைசியில். "ஓட்ட போடுறதுக்கு முன்ன. சொல்லும்."

சொன்னேன். கொம்பு நுனிவரை இருந்ததைச் சொன்னேன். பிடரி மயிர் சுருள் சுருளாக. முன்னங்கால் இருக்க வேண்டிய இடம் சமமாக, சுரண்டின தடமே இல்லாமல். குளம்பு தனியாக—

அவர் கையைத் தூக்கினார்.

"போதும். இதையும் நான் நம்பணும்லா."

உள்பக்கம் திரும்பி, "ஏ ஜெசிந்தா!" என்று குரல் கொடுத்தார். அவள் ஈரக்கையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"அந்தக் காச எடுத்துட்டு வா. வந்து எனக்குப் பாத்துச் சொல்லு."

எடுத்து வந்தாள். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவர் அவள் தலையைத் தடவிக் கன்னத்தில் கையை வைத்தார். அழுகிறாளா என்று விரலால் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். எங்கள் வார்த்தைகள் எதுவும் அவளுக்குத் தெரியாது. "மாடு பெரிசா இருக்குப்பா. திமிலு ஒசந்து, தலையத் தொங்கப் போட்டிருக்கு. முன்னால ஒரு காலு இல்ல, ஆனா விழாம நிக்கி. கீழ சின்னப் பாதம் மட்டும் கெடக்கு, யாரோ கழட்டிப் போட்ட செருப்பு மாதிரி." அவர் கண்ணை மூடியிருந்தார். "ம்" என்றார். "ம், மேல சொல்லு." ஓட்டையைப் பற்றி அவள் சொன்னபோது, "அது கெடக்கட்டும். வயித்துக்குக் கீழ?" என்றார். "பொட்டுப் பொட்டா இருக்குப்பா. ஒரு சரமா." அப்போது அவர் முகத்தில் ஒன்று வந்தது. இத்தனை வருஷமாக நான் எதிர்பார்த்திருந்த அதே முகம். அது என்னை நோக்கி இல்லை.

நான் உட்கார்ந்திருந்தேன். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பித்தளை லென்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தேன். ஜெசிந்தா நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். என்னால் அந்தப் பார்வையை என்னவென்று சொல்ல முடியவில்லை. அதில் இரக்கம் இல்லாதது நல்லது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. வடிவு மீன்குழம்பு வைத்தாள். சேர்ந்து சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஆல்பத்தைப் பரணில் ஏற்றினேன். வடிவு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் ஜெசிந்தா போன் செய்தாள். முன்புபோல இழுத்துப் பேசவில்லை. "மாமா, நான் சரக்கு எடுக்கத் திருச்செந்தூர் போறேன். அப்பா தனியா இருக்காவ. பேப்பர் வாசிக்க ஆள் இல்ல. ஒங்களுக்குத் தோது உண்டான்னு கேக்கச் சொன்னாவ. காசு பாக்கதுக்கு இல்லயாம்" என்றாள்.

போனேன். கதவு திறந்தே இருந்தது. கஸ்பார் அதே நாற்காலியில். எனக்கு எதிரே இருந்த நாற்காலியைக் கையால் காட்டினார். நலம் விசாரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"துறைமுகச் செய்தி போட்டிருப்பான், உள்பக்கத்துல. எந்தெந்தக் கப்பல் நிக்கின்னு வாசியும்."

பேப்பரை விரித்தேன். எழுத்துகள் சிறியவை. ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்துக்கொண்டு வாசித்தேன். சரக்கு என்ன, எந்தத் தளத்தில் நிற்கிறது, எந்த நாட்டுக் கொடி. ஒன்றிரண்டு கப்பல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தலையைச் சாய்த்துக் கேட்டார்.

நிலக்கரி ஏற்றி வந்த ஒரு கப்பலைப் பனாமா கொடி என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மனசு உறுத்தி மறுபடி பார்த்தேன். பஹாமா என்று போட்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவருக்குத் தெரியப்போவதும் இல்லை.

"கஸ்பாரே, தப்பா வாசிச்சிட்டேன். பனாமா இல்ல, பஹாமா."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. அந்தக் கண்களுக்கு நான் ஓரத்தில் ஒரு நிழலாகத் தெரிந்திருக்கலாம். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சரி" என்றார். "மேல வாசியும்."